பழைய காரும் ஹீட்டர் கசிவும்



சித்திரை வெயிலில் வயல் வரப்பும் தார்ச்சாலையும் ஒன்றுபோலக் கொதிக்கின்ற வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் வாழும் உங்களிடம், காரிலுள்ள ஹீட்டரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்று நான் சொன்னால், குளிர்தேசத்தாருக்கு உரிய விஷயத்தை இவர் ஏன் இங்கே கொண்டுவருகிறார் என்று உங்களில் பலர் வியப்படையக்கூடும். அந்த வியப்பு நியாயமானதே. ஆயினும், நெடுங்காலமாக வில்லியனூரில் மோட்டார் பட்டறை நடத்தி வரும் என்னிடம், "தண்ணீர் குறைகிறது, எங்கே போகிறதென்றுதான் தெரியவில்லை" என்ற முறையீட்டோடு வந்து நிற்கும் பழைய கார்களில், ரேடியேட்டரும் வாட்டர் பம்பும் நிரபராதிகளாக இருக்க, உடையவர் ஒருநாளும் நினைத்துப் பாராத அந்த ஹீட்டரே குற்றவாளியாக அகப்பட்ட சந்தர்ப்பங்கள் அனேகம்.

அம்பாஸடர் கார் கோலோச்சிய காலத்தில் நம் பக்கத்து வண்டிகளில் ஹீட்டரை நான் கண்டது அரிது. 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்து, அதைத் தொடர்ந்து காஷ்மீரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் ஒரே அச்சில் வார்க்கப்பட்ட சிறு கார்கள் நாடெங்கும் பெருகியபோது, டேஷ்போர்டுக்கு அடியில் ஒளிந்துகொண்டு ஹீட்டரும் நம் ஊருக்கு வந்து சேர்ந்தது. வந்ததே தவிர, அதைத் தொட்டவர் இல்லை. பாகூரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், "ஏன் தம்பி, வெயிலில் வேகிற ஊரிலே இது எதற்கு? கழற்றிப் போட்டுவிடேன்" என்று என்னிடம் கேட்டார். அவருக்கு நான் சொன்ன மறுமொழியையே உங்களுக்கும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு நாலு பேர் காரில் போகும்போது, உள்ளே மூச்சின் ஈரம் முன்கண்ணாடியில் படிந்து சாலையை மறைத்துவிடுவதை நீங்கள் அனுபவித்திருப்பீர்கள். ஏ.சி. இல்லாத பழைய வண்டியில், அந்தப் பனிமூட்டத்தைக் கலைக்கவல்லது ஹீட்டரிலிருந்து கண்ணாடியின் மேல் பாயும் உலர்ந்த சூடான காற்று ஒன்றுதான். இன்னொரு பிரயோஜனமும் உண்டு. அதைக் கேட்டால் பலர் நம்ப மறுப்பார்கள். யந்திரம் அளவுமீறிச் சூடாகி, முள் சிவப்புக் கோட்டை நெருங்கும் ஆபத்தான வேளையில், ஹீட்டரை முழுவதும் திறந்து புளோயரையும் வேகமாக ஓடவிட்டால், அந்தச் சூட்டில் ஒரு பகுதி வண்டிக்குள்ளே இறங்கி யந்திரத்துக்குச் சற்று ஆசுவாசம் கிடைக்கும். ஒரு முகூர்த்த நாளில், கண்டமங்கலம் அருகே வண்டிகள் தேங்கி நின்ற சாலையில், கல்யாண வீட்டார் ஏறியிருந்த கார் இப்படிச் சூடேறி, ஓட்டுநர் தொலைபேசியில் என்னை அழைத்தபோது, கண்ணாடிகளையெல்லாம் இறக்கி ஹீட்டரைத் திறந்துவிடச் சொன்னேன். பட்டுப்புடவைக்காரர்களுக்கு வியர்த்துக் கொட்டியது மெய்தான், ஆனால் முள் கீழிறங்கியது, வண்டி ஓரத்திலிருந்த மரநிழல்வரை சேதமின்றிச் சென்று நின்றது. ஆகவே நேயர்களே, ஹீட்டர் நமக்கு வேண்டாத உறுப்பு என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டுகிறேன்.

இனி, தண்ணீர் ஓடும் வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு, சக்கரத்தைச் சுழற்றாமல் வெறும் உஷ்ணமாகத் தண்ணீரில் இறங்குகிறது. அந்தத் தண்ணீரைப் பம்பு சுழலச் செய்ய, 82 பாகை அளவில் சூடேறியதும் தெர்மோஸ்டாட் திறந்து அதை ரேடியேட்டருக்கு அனுப்ப, அங்கே காற்றில் ஆறி மறுபடியும் யந்திரத்துக்கே அது திரும்புகிறது. ஜெர்மனியில் வில்ஹெல்ம் மாய்பாக் என்ற மேதை, 1900ஆம் ஆண்டில், 8,070 சிறு குழாய்களை அடுக்கித் தேன்கூட்டு ரேடியேட்டரை உருவாக்கியதற்குப் பிறகே, பலம் மிகுந்த யந்திரங்களைக் காரில் வைத்து அச்சமின்றி ஓட்ட முடிந்தது என்பதை, இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். ஹீட்டர் என்பது அந்த ரேடியேட்டரின் சிறிய வடிவமே. யந்திரத்திலிருந்து இரண்டு ரப்பர் குழாய்கள் பிரிந்து, பானெட்டுக்கும் பயணிகளுக்கும் இடையிலுள்ள இரும்புச் சுவரைத் துளைத்து உள்ளே போய், டேஷ்போர்டின் கீழே ஒரு பெட்டிக்குள் அடங்கியிருக்கும் அந்தச் சிறு ரேடியேட்டரில் சேர்கின்றன. ஒன்று தண்ணீர் போகும் வழி, மற்றொன்று வரும் வழி. இடையில் ஒரு திருகு வால்வு. டேஷ்போர்டிலுள்ள கைப்பிடியை நகர்த்தினால் கம்பி இழுத்து அந்த வால்வு திறக்கும் அல்லது மூடும். இவ்வளவுதான் அமைப்பு.

நம் ஊரில் அந்தக் கைப்பிடி வருஷக்கணக்கில் நகர்வதில்லை. வால்வு மூடியே கிடக்க, உள்ளே அகப்பட்ட தண்ணீர் ஓட்டமின்றித் தேங்கி, அதிலுள்ள உப்பும் துருவும் அடியில் படிந்து, மெல்லிய தகடுகளை அரிக்கத் தொடங்குகிறது. ஓடிக்கொண்டிருக்கும் ரேடியேட்டர் பல ஆண்டுகள் தாக்குப்பிடிக்க, ஓய்ந்து கிடக்கும் ஹீட்டர் அதற்கு முன்பே ஓட்டையாகிறது. உழைப்பால் தேய்வதைவிட உபயோகமின்மையால் கெடுவதே ஹீட்டரின் இயல்பு என்பது என் அனுபவம். இன்றைய பேச்சில் நீங்கள் நினைவில் கொள்ள வேண்டிய பிரதான விஷயமும் அதுவே.

இப்போது எனக்கு மிகவும் பிரியமான பகுதிக்கு வருகிறேன். கசிவை அடைப்பதில் எனக்குக் கிடைக்கும் திருப்தியைவிட, அது இருக்குமிடத்தைக் கண்டுபிடிப்பதில் கிடைக்கும் திருப்தி பெரிது. ஆதலால் மற்றவற்றைக் குறைத்துக்கொண்டு இதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி கோருகிறேன்.

பாகூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர், தம் பழைய சிறு காரில் இடப்பக்க இருக்கையின் காலடி விரிப்பு எப்போதும் ஈரமாக இருப்பதாகச் சொல்லிக் கொண்டுவந்து நிறுத்தினார். மழைக்காலம். கண்ணாடி ரப்பர் வழியே மழைநீர் இறங்குகிறது என்று ஒரு பட்டறையில் சொல்லி, ரப்பரை மாற்றிவிட்டார்கள்; ஈரம் நிற்கவில்லை. ஏ.சி.யின் வடிகால் குழாய் அடைத்திருக்கிறது என்று இன்னொரு பட்டறையில் சொல்லி, அதையும் சுத்தம் செய்தார்கள். அப்போதும் ஈரம் நிற்கவில்லை. நேயர்களே, மழைநீர், ஏ.சி. நீர், யந்திரத்தில் ஓடும் கூலன்ட் கலந்த தண்ணீர் ஆகிய மூன்றையும் வேறுபடுத்தி அறிவது கடினமே அன்று. ஒரு வெள்ளைத் துணியை எடுத்து அந்த ஈரத்தில் ஒற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மழைநீரானால் மண்ணின் மங்கல் நிறம் தெரியும், ஏ.சி.யிலிருந்து வடிந்ததானால் நிறமும் மணமும் இன்றித் தெளிந்திருக்கும். கூலன்ட் ஆனால் பச்சையோ சிவப்போ ஏதேனும் ஒரு சாயம் படியும், விரல்களுக்கிடையே தேய்த்தால் வழுவழுப்பாக இருக்கும், முகர்ந்தால் ஒருவகைத் தித்திப்பு வாசனை வரும். முகரலாம், நாக்கில் வைக்கவே கூடாது, அது விஷம். ஆசிரியையின் காரில் நான் துணியை எடுப்பதற்கு முன்பே, முன்கண்ணாடியின் உட்பக்கம் என் கண்ணில் பட்டது. அதில் விரலால் கோடு இழுத்தால் கோடு நிற்கும்படி மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று படிந்திருந்தது. "இதை எவ்வளவு துடைத்தாலும் மறுநாள் வந்துவிடுகிறது" என்றார் அந்த அம்மையார். ஹீட்டரில் கசிந்த கூலன்ட் சூட்டில் ஆவியாகி, காற்றோடு மேலேறிக் கண்ணாடியில் படிந்த படலம் அது. கண்ணாடியே சாட்சி சொல்லிவிட்ட பிறகு, விரிப்பைத் தூக்கிப் பார்த்தது சம்பிரதாயத்துக்காகத்தான்.

எல்லாக் கசிவும் இவ்வாறு தானே வெளிப்பட்டுவிடுவதில்லை. மங்கலம் பக்கத்து விவசாயி ஒருவருடைய காரில் பகலெல்லாம் ஓட்டினாலும் ஒரு சொட்டு ஒழுகாது. விடியற்காலையில் பார்த்தால் மாத்திரம் தண்ணீர் குறைந்திருக்கும். வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவருவதற்குள் யந்திரம் சூடாகிவிடுமாதலால், வந்து நிற்கும்போது குற்றத்தின் தடயமே இராது. சூட்டில் ரப்பர் விரிந்து கிளிப்பின் கீழே இறுகிக்கொள்கிறது. இரவில் குளிர்ந்ததும் சுருங்கிச் சற்றுத் தளர்ந்து, அந்த மயிரிழை இடைவெளியில் தண்ணீர் கசிகிறது என்று நான் சந்தேகித்தேன். வண்டியை மாலையில் வாங்கி வைத்துக்கொண்டு, ஹீட்டருக்குப் போகும் குழாய்களின் ஒவ்வொரு முனையையும் உலரத் துடைத்து, குழந்தைகளுக்குப் பூசும் பவுடரை அதன்மேல் மெல்லத் தூவி வைத்தேன். மறுநாள் காலை, யந்திரத்தைக் கிளப்பாமலே, டார்ச் விளக்கும் முகம் பார்க்கும் சிறு கண்ணாடியும் கொண்டு, இரும்புச் சுவரை ஒட்டிய இடங்களின் பின்புறத்தைப் பார்த்தபோது, மூன்று முனைகளில் பவுடர் தூவியது தூவியபடி இருக்க, கீழ்க்குழாய் முனையில் மட்டும், கிளிப்பின் அடிப்பாகத்திலிருந்து நகக்கண் அகலத்துக்குப் பச்சைக் கோடு ஒன்று பவுடரை நனைத்துக்கொண்டு இறங்கியிருந்தது. நேயர்களே, அந்தக் கோட்டைக் கண்ட கணத்தில் எனக்கு உண்டான ஆனந்தத்தை, இத்தொழிலில் உள்ளவர்கள் நன்கு அறிவார்கள். பழுது என்னவோ ஒரு கிளிப்பும் ஒரு சாண் ரப்பர் குழாயுமே.

பவுடர் வித்தைக்கும் அகப்படாத கசிவுக்கு அழுத்தப் பரீட்சை இருக்கிறது. ரேடியேட்டர் மூடியின் மேல் 0.9 என்றோ 1.1 என்றோ ஓர் எண் பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வண்டி ஓடும்போது உள்ளே அந்த அளவு அழுத்தம் நிற்பதால்தான், 100 பாகையில் கொதிக்க வேண்டிய தண்ணீர் ஏறத்தாழ 118 பாகை வரைக்கும் கொதிக்காமல் பொறுத்திருக்கிறது. யந்திரம் நன்றாகக் குளிர்ந்த பின் மூடியைக் கழற்றி, அவ்விடத்தில் அளவுமானியோடு கூடிய கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் சொன்ன அளவுக்கு மேற்போகாமல் காற்றை ஏற்றிவிட்டு, பட்டறையில் சத்தமெல்லாம் அடங்கச் செய்து, சும்மா காத்திருக்க வேண்டும். முள் அசையாமல் நின்றால் கசிவு இல்லை. மெல்ல இறங்கினால், எங்கோ வழி இருக்கிறது. காதைத் தீட்டிக்கொண்டு டேஷ்போர்டின் அடியில் குனிந்தால், சிலவேளை மெல்லிய சீறல் கேட்கும். யந்திரம் சூடாயிருக்கும்போது அந்த மூடியைத் திறக்கவே கூடாது என்பதை இங்கே வற்புறுத்திச் சொல்கிறேன். அழுத்தம் நீங்கிய மறுகணமே உள்ளிருக்கும் நீர் ஆவியாகச் சீறி முகத்திலும் மார்பிலும் பாயும். அப்படி வெந்துபோன கைகளை நான் பார்த்திருக்கிறேன்.

கைப்பம்பு இல்லாத கிராமத்துப் பட்டறையிலும் செய்யத்தக்க உபாயம் ஒன்று உண்டு. பானெட்டுக்குள்ளேயே, ஹீட்டருக்குப் போகும் குழாயையும் வரும் குழாயையும் ஒரு வளைந்த குழாயால் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால், தண்ணீர் ஹீட்டருக்குள் நுழையாமலே திரும்பிவிடும். சில நாள் அப்படி ஓட்டிப் பாருங்கள். தண்ணீர் குறைவது நின்றால் ஹீட்டரே காரணம். நிற்காவிட்டால் ஹீட்டரை விட்டுவிட்டு வேறிடம் தேட வேண்டும். ரிசர்வ் டப்பாவில் ஓயாது குமிழி வருவதும், சைலன்ஸரில் வெண்புகை நீங்காதிருப்பதும், எஞ்சின் ஆயில் வெளிறிக் குழைந்திருப்பதும் ஹெட் கேஸ்கட் போய்விட்டதன் அடையாளங்கள். அது வேறு ஒரு நாள் பேச வேண்டிய விஷயம்.

இங்கே ஒரு வழக்கத்தைக் கண்டித்துச் சொல்ல விரும்புகிறேன். தண்ணீர் ஒழுகினால் ரேடியேட்டரில் ஒரு பிடி மஞ்சள்தூளைப் போடும் பழக்கம் லாரிக்காரர்களிடையே தோன்றி எங்கும் பரவிவிட்டது. நடுவழியில் வேறு கதியில்லாத வேளையில் அது ஊர் சேர உதவக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தூள் ஓட்டையை மாத்திரம் தேடிச் சென்று அடைப்பதில்லை. தண்ணீர் மந்தமாக ஓடும் குறுகிய இடங்களிலெல்லாம் போய்ப் படிகிறது. வண்டியிலேயே மிகக் குறுகிய வழிகள் ஹீட்டரில்தான் இருக்கின்றன. மஞ்சள் போட்ட கார் ஒன்றின் ஹீட்டரை வெட்டிப் பார்த்தபோது, பாதிக் குழாய்கள் துருவோடு பிசைந்த மஞ்சள் களிம்பால் இறுகிப்போயிருந்ததைக் கண்டேன். ஊர் வந்து சேர்ந்தவுடன் அதைக் கழுவி வெளியேற்றாமல் மாதக்கணக்கில் விட்டுவைப்பதே கேட்டுக்கு மூலம்.

பழுது பார்க்கும் முறையை, நேரத்தை முன்னிட்டுச் சுருக்கிக்கொள்கிறேன். பழைய ரப்பர் குழாயை முறுக்கி இழுத்துக் கழற்றாதீர்கள். ஹீட்டரின் முனைக்குழாய் மெல்லிய உலோகம், குழாயோடு அதுவும் ஒடிந்து வந்துவிடும். கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்தெடுப்பதே உத்தமம். பித்தளை ஹீட்டரானால் ரேடியேட்டர் பட்டறையில் கொடுத்து, ஒரு முனையை அடைத்து மறுமுனையில் காற்று ஏற்றித் தொட்டியில் முக்கச் சொல்லுங்கள். குமிழி வரும் இடத்தில் ஈயப்பற்று வைத்துத் தருவார்கள். அந்தக் கைவேலை தெரிந்தவர்கள் இன்று அருகி வருகிறார்கள். உங்கள் ஊரில் ஒருவர் இருந்தால் அவரை ஆதரியுங்கள். அலுமினியத்தாலும் பிளாஸ்டிக்காலும் ஆனதென்றால் புதிது மாற்றுவதே சிக்கனம். மாற்றியபின் தண்ணீர் நிரப்பும்போது ஹீட்டர் கைப்பிடியைத் திறந்த நிலையில் வைத்து, மெதுவாக ஊற்றி, யந்திரத்தை ஓடவிட்டு, உள்ளே அகப்பட்ட காற்று குமிழியாக வெளியேறும்வரை பொறுத்திருக்க வேண்டும். இரண்டு குழாய்களும் ஒருபோலச் சூடாயிருந்தால் காரியம் முடிந்தது. ஒன்று சுட்டு மற்றொன்று குளிர்ந்திருந்தால், உள்ளே அடைப்போ காற்றோ இன்னும் மிச்சமிருக்கிறது.

ஊற்றும் தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடலை அடுத்த நம் கிராமங்கள் பலவற்றில் போர்வெல் நீர் உப்பேறியது. குடத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது எதுவோ, அதுவேதான் ஹீட்டரின் உள்ளும் படிகிறது. ஆதலால், கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரையும் கூலன்டையும், வண்டிக்குச் சொல்லியிருக்கும் விகிதத்தில் கலந்து ஊற்றுவதே முறை. குழாயிலோ கேனிலோ வரும் குடிதண்ணீரும் அதற்கு ஈடாகாது.

வடித்தெடுத்த பழைய கூலன்டை வாய்க்காலிலும் வீட்டுப் புழக்கடையிலும் கொட்டிவிடும் வழக்கம் என்னை மிகவும் வருத்துகிறது. அதிலுள்ள எத்திலீன் கிளைகால் தித்திப்பாயிருப்பதால் நாயும் ஆடும் விரும்பிக் குடித்து, சிறுநீரகம் கெட்டு மடிகின்றன. விவரம் அறியாத குழந்தைக்கும் அதே அபாயம். தென்பெண்ணை நீர் பங்காரு வாய்க்கால் வழியே வந்து நிறைக்கும் பாகூர் ஏரியை நம்பி எத்தனை வயல்கள் விளைகின்றன என்பதை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பழைய கேனில் பிடித்து, நன்றாக மூடி, பெயர் எழுதி, குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, கழிவு எண்ணெயை முறைப்படி வாங்கிக்கொள்ளும் பட்டறையில் சேர்ப்பித்துவிடுங்கள்.

நேரம் முடிவடையப் போகிறது. சந்தேகம் வந்தால் முதலில் துணியால் ஒற்றிப் பாருங்கள், யந்திரம் குளிர்ந்தபின் தேடுங்கள், கண்டுபிடிக்கும் முன்பு எதையும் மாற்றாதீர்கள், மாற்றியபின் நல்ல நீரை ஊற்றுங்கள். இவற்றையெல்லாம்விட எளிதாய், செலவே இல்லாத ஒரு காரியம் இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை, வண்டி சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போது, கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ஐந்து நிமிஷம் ஹீட்டரைத் திறந்துவையுங்கள். தேங்கிய நீர் ஓடட்டும், இறுகிய வால்வு அசையட்டும். மழைக்காலம் தொடங்குமுன் நம் கொம்யூன்களில் பழைய கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இந்த வழக்கத்தை மேற்கொள்வார்கள் என்று நம்பி விடைபெறுகிறேன். நாளைக் காலை வண்டியைக் கிளப்புமுன், பானெட்டைத் திறந்து, இரும்புச் சுவருக்குள் நுழையும் அந்த இரண்டு குழாய்களின் முனைகளையும் ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள்.